அத்தியாயம் 7: குப்பை ஒப்பந்தத்தில் தொழிலாளி எங்கே இருக்கிறார்?

குப்பை வண்டி நான்கு நாள் வராவிட்டால் வார்டு உறுப்பினரின் கைப்பேசி ஓயாமல் அடிக்கும். தெருமுனைத் தொட்டி நிரம்பி வழியும், நாய்கள் பைகளைக் கிழித்துப் போடும், ஒரு மழை பெய்தால் மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆணையர் முதல் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் வரை எல்லோரும் கேட்பது, யார் தூண்டிவிட்டார்கள், எப்போது வேலைக்குத் திரும்புவார்கள் என்பதைத்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டிருக்கும். அந்தத் தகராறுக்கான இடம் பல மாதங்களுக்கு முன்பே, டெண்டர் ஆவணத்தின் நடுப்பக்கங்களில், யாரும் வாய்விட்டுப் படிக்காத நான்கைந்து பிரிவுகளில் ஒதுக்கப்பட்டிருக்கும். கூலியை யார் நிர்ணயிப்பது, பழைய ஆட்களை என்ன செய்வது, அபராதம் கடைசியில் யார் தலையில் விழுவது, வேலை நின்றால் பொறுப்பு யாருடையது என்பவை அந்தப் பிரிவுகள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் இவற்றைப் படித்துத் திருத்தச் சொல்லும் உறுப்பினர், பின்னால் நடக்கும் பத்துப் பேச்சுவார்த்தைகளைவிட அதிகமாக ஊரைத் தூய்மையாக வைத்திருக்க உதவுகிறார். இந்த அத்தியாயம் அந்தப் பிரிவுகளைப் படிப்பதற்கான வழிகாட்டி.

சென்னையில் 2025-இல் நடந்ததிலிருந்து தொடங்கலாம். மாநகராட்சியின் 15 மண்டலங்களில் பெரும்பாலானவற்றில் குப்பை அள்ளும் பணி ஏற்கெனவே தனியாரிடம் போயிருந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஐந்தாவது, ஆறாவது மண்டலங்களில், தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுய உதவிக் குழுக்கள் வழியாக எடுக்கப்பட்டவர்கள் மாநகராட்சியின் நேரடிப் பார்வையில் வேலை செய்துவந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் அதே தெருக்களைக் கூட்டியவர்கள் அவர்களில் பலர். பெண்கள் நிறைய, பெரும்பாலும் தலித் குடும்பங்கள். இவ்விரு மண்டலங்களையும் தனியாரிடம் ஒப்படைக்க ஜூன் மாதம் மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள் அமர்ந்தார்கள். பணி நிரந்தரம் வேண்டும், தனியாரிடம் தள்ளக் கூடாது என்பவை கோரிக்கைகள். 13 நாள் கழித்து, நடைபாதையை அனுமதியின்றி அடைத்திருப்பவர்களை அகற்ற வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களைக் கைதுசெய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள், காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. பசியோடு விடியற்காலையில் வேலைக்கு வருபவருக்குக் காலை உணவு தேவைதான். ஆனால் அவர்கள் கேட்டது, தங்கள் முதலாளி யார், தங்கள் கூலி எவ்வளவு என்பது. அந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒப்பந்தத்தில்தான் இருந்தது.

அந்தக் கூலிக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாநகராட்சியின் கீழ் மாதம் சுமார் 22,600 ரூபாய் வாங்கியவர்களுக்குப் புதிய நிறுவனத்தில் சுமார் 17,000 ரூபாய் என்று செய்திகள் வந்தன. வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., போனஸ், விடுப்பு எல்லாம் இதோடு சேரும் என்பது மாநகராட்சி தந்த விளக்கம். இந்த விளக்கத்தை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் தொழிலாளிக்கு உண்மையான பலன்களே. ஆனால் அவை சட்டம் ஏற்கெனவே தந்த உரிமைகள். அவற்றைப் புதிய சலுகைபோல் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் கைக்கு வரும் பணத்தைக் குறைப்பது நியாயமான எடை ஆகாது. வாடகையும் மளிகைக் கடன் பாக்கியும் கைக்கு வரும் பணத்திலிருந்துதான் போகின்றன. ஒருவருக்கு மாதம் 5,500 ரூபாய் குறைந்தால் 2,000 பேருக்கு மாதம் 1 கோடியே 10 லட்சம் ரூபாய். இவ்வளவு பெரிய இறக்கத்தை எந்தத் தொழிலிலும் யாரும் பேசாமல் விழுங்கமாட்டார்கள். பின்னர் மாமன்றத் தீர்மானத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்ய மறுத்தது. ஆனால் தொழிலாளர்கள் கடைசியாக வாங்கிய கூலி குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. நீதிமன்றம் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தை டெண்டர் ஆவணத்திலேயே எழுதியிருக்க எந்தத் தடையும் இருக்கவில்லை.

ஏன் எழுதப்படுவதில்லை? குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்ற எல்-1 முறையில் காரணம் இருக்கிறது. குப்பை அள்ளும் தொழிலில் டீசல், லாரி, பேட்டரி வண்டி ஆகியவற்றின் விலை எல்லா நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். போட்டியாளரைவிடக் குறைத்துச் சொல்ல வேண்டுமென்றால் ஆள் எண்ணிக்கையிலோ கூலியிலோதான் கைவைக்க முடியும். ஆகவே, கூலியை விலைப்போட்டிக்கு வெளியே எடுத்துவைப்பது முதல் திருத்தம். இத்தனை தொழிலாளர், ஆளுக்கு இவ்வளவு கூலி, அதன்மேல் சட்டப்படியான செலுத்துகைகள் என்று நகராட்சியே ஆவணத்தில் ஒரு தொகையை நிலையாகக் குறித்துவிட வேண்டும். வண்டி, மேலாண்மை, லாபம் ஆகியவற்றில் மட்டும் நிறுவனங்கள் போட்டியிடட்டும். பல ஆவணங்களில் ‘குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்படி’ என்று ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடுகிறது. எந்த அரசாணையின்படி என்பதைக் கேளுங்கள். உள்ளாட்சிப் பணியாளர்களுக்கென 2017 அக்டோபரில் வந்த அரசாணை (2டி) எண் 62-க்கும், மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தினக்கூலிக்கும் இடையே உள்ள வேறுபாட்டிலிருந்தே மாநிலத்தின் பல நகரங்களில் போராட்டங்கள் கிளம்பியிருக்கின்றன. ஆணை எண், தேதி, ஆண்டுதோறும் ஏறும் பஞ்சப்படி ஆகியவை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். பஞ்சப்படி உயர்வை நகராட்சி ஈடுசெய்யும் என்ற பிரிவு இல்லாவிட்டால், மூன்றாம் ஆண்டில் நிறுவனம் தன் லாபத்தைக் காக்கக் கூலியை நிறுத்திவைக்கும். எட்டாண்டு, பத்தாண்டு ஓடும் ஒப்பந்தங்களில் இது கிட்டத்தட்ட உறுதியாக நடக்கக்கூடியது.

இங்கே அதிகாரிகள் ஒரு மறுப்பு சொல்வார்கள். தொழிலாளர் பிரச்சினை ஒப்பந்ததாரருடையது, நகராட்சிக்கும் அவர்களுக்கும் நேரடி உறவு கிடையாது என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது இங்கே நகராட்சியே, தந்துவிட்டு அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஈ.எஸ்.ஐ., வைப்பு நிதி பாக்கி விழுந்தாலும் நோட்டீஸ் நகராட்சியின் கதவைத் தட்டும். பொறுப்பை ஒப்பந்தத்தால் கைமாற்ற முடியாது. ஒப்பந்தத்தால் கைமாறுவது கண்காணிப்பு மட்டும்தான். ஆகவே நகராட்சிக்குப் பொறுப்பு இருந்து பார்வை இல்லாத நிலை உண்டாகிறது. இதைச் சரிசெய்ய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு போதும்: மாதாந்திரப் பில்லுடன் வங்கிக் கணக்கில் கூலி ஏறியதற்கான பட்டியலும், ஆள்வாரியாக வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. செலுத்திய சலானும் இணைக்கப்படாவிட்டால் பில் பாஸ் ஆகாது. இந்தப் பிரிவு காகிதத்தில் பல ஊர்களில் இருக்கிறது. அதை மாதாமாதம் கேட்டு வாங்குபவர்தான் இல்லை. வார்டு உறுப்பினரால் ஒன்று செய்ய முடியும். தன் வார்டில் வேலை செய்யும் பத்துப் பேரிடம் அவர்களுடைய வைப்பு நிதிக் கணக்கில் போன மாதம் பணம் ஏறியதா என்று உமங் செயலியில் பார்க்கச் சொல்லலாம். பத்துப் பேரில் மூன்று பேருக்கு ஏறவில்லை என்றால், அடுத்த வேலைநிறுத்தத்தின் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பொறுப்பைக் காகிதத்தில் கழற்றிவிட முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை சாட்சி. அங்கே மாநகராட்சி குப்பை லாரிகளில் வேலை செய்தவர்களைப் பல ஆண்டுகளாகச் சிறுசிறு ஒப்பந்தங்களின் கீழ் வைத்திருந்தது. கச்சரா வாஹதூக் ஷ்ரமிக் சங்கம் என்ற தொழிற்சங்கம் அதைத் தொழில் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. ஒப்பந்தம் வெறும் போர்வை, வேலை வாங்கியது மாநகராட்சியே என்று தீர்ப்பாயம் 2014-இல் முடிவுசெய்தது. சுமார் 2,700 பேரை நிரந்தரமாக்கும் அந்தத் தீர்ப்பை 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மிச்சம் பிடித்ததாக நகராட்சி நினைத்த பணம், பத்தாண்டு வழக்குச் செலவோடும் நிலுவையோடும் திரும்பி வந்தது. அதே நேரத்தில் தொழிற்சங்கத்தினரும் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இந்திய எஃகு ஆணையம் தொடர்பான 2001-ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வின் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரம் ஆகிவிடமாட்டார்கள். ஒப்பந்தம் போலி என்று ஆதாரத்துடன் நிரூபிக்க வேண்டும். யார் வருகைப் பதிவை எடுத்தார், யார் விடுப்பு கொடுத்தார், யார் தெருவை ஒதுக்கினார் என்பவைதான் ஆதாரங்கள். துப்புரவு ஆய்வாளர் வாட்ஸ்அப்பில் போட்ட உத்தரவும் வருகை அட்டையின் நகலும் தீர்ப்பாயத்தில் முழக்கங்களைவிடக் கனமானவை. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரம் என்று சொல்லும் 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைக் காட்டி வாதாடவும் அதே காகிதங்கள்தான் தேவைப்படும்.

புதிய சட்டத் தொகுப்பில் கவனமாகப் படிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்று சொல்லும் அந்தச் சட்டம், கூட்டுதல், பெருக்குதல், கழிவு சேகரித்தல் ஆகியவற்றை மையப் பணி அல்லாதவை என்று பட்டியலிடுகிறது. நிறுவனமே அந்தப் பணிக்காக அமைக்கப்பட்டதாக இருந்தால் மட்டும் விலக்கு. ஒரு துணி ஆலைக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ பெருக்குவது பக்க வேலையாக இருக்கலாம். ஒரு நகராட்சிக்கு அப்படி இருக்க முடியுமா? ஊரில் நகராட்சி என்ற ஒன்று தோன்றியதே குடிநீர், விளக்கு, சாலை, துப்புரவு ஆகியவற்றுக்காகத்தான். துப்புரவை நகராட்சியின் பக்க வேலை என்று எந்த அதிகாரி வாதிட்டாலும், அதே அதிகாரி சொத்து வரி ரசீதில் எதற்காகக் கட்டணம் வசூலிக்கிறார் என்று திருப்பிக் கேட்கலாம். இந்த வாதம் வரும் ஆண்டுகளில் நீதிமன்றங்களில் ஒலிக்கும். மாமன்றங்களில் முன்னதாகவே ஒலிக்க வேண்டும்.

அடுத்து, ஒப்பந்ததாரர் மாறும் நாள். சென்னையில் 2000-இல் வந்த ஓனிக்ஸ் முதல் நீல் மெட்டல் பனால்கா, ராம்கி, 2020-இல் வந்த உர்பேசர் சுமீத் வரை நிறுவனங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஓனிக்ஸ் போய்ப் பல ஆண்டு ஆன பிறகும் குப்பை வண்டிக்காரரை ‘ஓனிக்ஸ்காரர்’ என்று கூப்பிட்ட தெருக்கள் உண்டு. பெயர்ப்பலகைகள் மாறின, தெருவைக் கூட்டியவர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதி மக்கள்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் பணிமூப்பு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால், பணிக்கொடைக்கான ஐந்தாண்டு எப்போதும் நிறையாது. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு சேவை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குப் போனால் தொழிலாளியும் அதே சம்பளம், அதே பணிக்காலத்துடன் சேர்ந்து போவார். கலிபோர்னியாவில் 2017 முதல், குப்பை சேகரிப்பு ஏலத்தில் பழைய ஒப்பந்ததாரரின் தொழிலாளரைக் குறைந்தது 90 நாள் வைத்துக்கொள்வதாக உறுதிதரும் நிறுவனத்துக்கு 10 சதவீத முன்னுரிமை தரச் சட்டம் இருக்கிறது. நம்மிடம் இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை என்பது சாக்கு ஆகாது. பெயர்ப்பட்டியலை இணைப்பாக வைத்து, இவர்களைப் பணிமூப்புடன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுத டெண்டர் வெளியிடும் உள்ளாட்சிக்கு முழு அதிகாரம் உண்டு.

வேலைநிறுத்தம் பற்றிய பிரிவைத் தனியாகத் தேடிப் படியுங்கள். அது பெரும்பாலும் புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் ஆகியவற்றோடு சேர்ந்து, மனித சக்திக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகள் என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். நிறுவனம் மூன்று மாதம் கூலி தராமல் இருந்து தொழிலாளர் வேலையை நிறுத்தினால், அதுவும் புயலைப்போல் யார் பொறுப்பும் இல்லாத நிகழ்வாகிவிடும். அபராதம் போட முடியாது. தன் சொந்தத் தொழிலாளருடன் நிறுவனத்துக்கு ஏற்படும் தகராறு இந்தப் பட்டியலில் சேராது என்ற ஒரே வாக்கியம் இந்த ஓட்டையை அடைக்கும். அமெரிக்காவில் பாஸ்டனைச் சுற்றிய ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊர்களில், ரிபப்ளிக் சர்வீசஸ் நிறுவனத்தின் குப்பைத் தொழிலாளர்கள் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் தலைமையில் 2025 ஜூலை 1 முதல் செப்டம்பர் வரை வேலைநிறுத்தம் செய்தபோது, ஊர் நிர்வாகங்கள் இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டன. கூலி பேசும் மேசையில் அவற்றுக்கு நாற்காலி கிடையாது. ஆனால் கோடை வெயிலில் நாறிய குப்பை அவற்றின் தெருவில் கிடந்தது. பெவர்லி, குளோஸ்டர் உள்ளிட்ட ஆறு ஊர்கள் ஒப்பந்த மீறல் என்று நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தன. சம்பளம் கொடுக்கும் அதிகாரத்தை வெளியே கொடுத்துவிட்ட உள்ளாட்சிக்கு, தகராறைத் தீர்க்கும் அதிகாரமும் கூடவே போய்விடுகிறது.

வேலைநிறுத்தமே சட்டவிரோதம், அத்தியாவசியப் பணி என்று அறிவித்துக் கைதுசெய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். துப்புரவு பழைய தொழில் தகராறுச் சட்டத்திலும் பொதுப் பயன்பாட்டுப் பணியாகவே இருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தக் கூடாது. இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சங்கங்கள் இதை மீறக் கூடாது. மீறினால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும். ஆனால் அந்த 14 நாள் சமரசப் பேச்சுக்காகத் தரப்பட்ட அவகாசம். அந்த நாட்களில் முதன்மை வேலையளிப்பவரான நகராட்சி சமரச அதிகாரியின் முன் வந்து உட்காராவிட்டால், சட்டத்தை மதிக்காத குற்றத்தில் அதற்கும் பங்குண்டு. தவிரவும், ஒரு பணி இவ்வளவு அத்தியாவசியமானது என்றால் அதைச் செய்பவரின் கூலி மட்டும் எப்படி ஊரிலேயே கடைசியாக இருக்க முடியும் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

பணம் கொடுக்கும் முறையும் தகராறை வளர்க்கும். டன் கணக்கில் பணம் கொடுத்தால் கட்டட இடிபாடும் ஈரமண்ணும் லாரியில் ஏறும். வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கும் பழக்கத்துக்கு மதிப்பு இருக்காது. அதனால் பல இடங்களில் செயல்திறன் அளவுகோல்கள் வந்தன. தொட்டி நிரம்பியிருந்தால் அபராதம், வண்டி தாமதமானால் அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த அபராதம் நிறுவனத்தின் லாபத்திலிருந்து போகிறதா, தெருக்கூட்டுபவரின் சம்பளத்திலிருந்து போகிறதா என்று பாருங்கள். எந்த அபராதத்தையும் தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது என்ற தடை எழுதப்படாவிட்டால் அது கீழே இறங்கும். கையுறை, காலணி, மழைக்கோட்டு ஆகியவற்றை 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே கட்டாயமாக்கின. ஆண்டுக்கு எத்தனை ஜோடி என்று எண் போட்டு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘தேவைக்கேற்ப’ என்ற சொல் இருந்தால் அடித்துவிட்டு எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

கடைசி மறுப்பு கனமானது. நிரந்தரப் பணியாளர் சரியாக வேலை செய்வதில்லை, தனியார் வந்தால்தான் ஒழுங்கு, மலிவும் கூட என்பது. மேற்பார்வை தளர்ந்த நகராட்சிகள் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் தூய்மைக் கணக்கெடுப்பில் ஆண்டுக்கணக்காக முதலிடம் பிடித்த இந்தூரில் வீடுவீடாகக் குப்பை எடுக்கும் பணியை மாநகராட்சியே தன் வண்டிகளில் நடத்துகிறது. புனேயில் குப்பை பொறுக்கியவர்கள் தாங்களே சேர்ந்து அமைத்த ஸ்வச் கூட்டுறவு, 2008 முதல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் போட்டு வீடுகளில் கட்டணம் பெற்று வேலை செய்துவருகிறது. ஆக, தூய்மைக்குத் தனியார் ஒன்றே வழி என்பது நிரூபணமான செய்தி இல்லை. மலிவு என்ற கணக்கிலும், மேற்பார்வைச் செலவு, வழக்குச் செலவு, வேலை நின்ற நாட்களின் சுகாதாரச் செலவு ஆகியவை சேர்க்கப்படுவதில்லை. மேலே சொன்ன பிரிவுகளை எழுதினால் நிறுவனங்கள் விலையைக் கூட்டிச் சொல்லும் என்பார்கள். கூட்டிச் சொல்லட்டும். அந்தக் கூடுதல் தொகைதான் வேலையின் உண்மையான விலை. அதை இதுவரை தொழிலாளியின் குடும்பம் கட்டிக்கொண்டிருந்தது. உண்மையான விலை தெரிந்த பிறகு, நேரடியாக ஆள் எடுப்பதா வெளியே கொடுப்பதா என்று மாமன்றம் நேர்மையாக ஒப்பிட முடியும்.

செய்ய வேண்டிய முறை இது. தமிழ்நாடு டெண்டர் இணையதளத்தில் ஆவணம் வெளியாகும். பார்க்கக் கட்டணம் இல்லை. ஆள் எண்ணிக்கை, கூலி, பணித்தொடர்ச்சி, பில்லுடன் இணைக்க வேண்டியவை, வேலைநிறுத்தம், அபராதம் ஆகிய பிரிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்கு முந்தைய கூட்டத்தின் தேதிக்கு முன் உங்கள் கேள்விகளை எழுத்தில் ஆணையருக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திருத்தம் வெளியிட அதுவே கடைசி நல்ல வாய்ப்பு. ஏற்கெனவே ஓடும் ஒப்பந்தம் என்றால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தத்தின் நகலையும் கடைசி ஆறு மாத வைப்பு நிதிச் சலான்களையும் கேளுங்கள். மனுவில் தொழிற்சங்கமும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்டால் மாமன்றத்தில் அதைத் தள்ளிவைப்பது கடினம். 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட டெண்டருக்கு விதிகள் தரும் குறைந்தபட்ச அவகாசம் 30 நாள். ஒப்பந்தம் ஓடப்போவது பத்து ஆண்டு. அறிவிப்பு வெளியான அன்றே ஆவணத்தை இறக்கி, உங்கள் தெருவைக் கூட்டுபவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.